வெண்டை: விதை ஊன்றலாமா, நாற்று வாங்கி நடலாமா?

"அண்ணே, நாத்துப் பண்ணையில கேட்டேன். வெண்டை நாத்து ட்ரேயில ரெடியா இருக்காம். பதினஞ்சு நாள் வயசு. வாங்கி நட்டா அந்தப் பதினஞ்சு நாள் நமக்கு மிச்சம்தானே?"

சித்தப்பா மகன் ஃபோனில் கேட்டான். திருப்பூரில் பத்து வருடம் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருக்கிறான். ஒட்டன்சத்திரம் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர். ஆடிப் பட்டத்துக்கு வெண்டை என்று முடிவு செய்துவிட்டான். தக்காளி, கத்தரி, மிளகாய் என்றால் நாற்றுதான் என்பதில் எங்கள் பக்கம் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வெண்டைக்கு மட்டும் விதையை நேராக மண்ணில் ஊன்றுகிறார்களே, அது வெறும் பழக்கமா, இல்லை காரணம் இருக்கிறதா என்பதுதான் அவன் கேட்க வந்தது. நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவன். ஒரு தடவை நாற்றில் நன்றாக அடிவாங்கியவனும்கூட. இருந்தும் ஒரே வார்த்தையில் பதில் வரவில்லை. அவனிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்தப் பதினைந்து நாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் கண்ட மண்ணில் ஊன்றிய வெண்டை விதை நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தலை காட்டிவிடும். நாற்பதாவது நாளை ஒட்டிப் பூவெடுத்து, 45-ம் நாள் வாக்கில் முதல் பறிப்புக்கு வரும். நாற்றின் கதை வேறு. நட்ட அன்று சாயங்காலம் நன்றாக நிற்கும். மறுநாள் உச்சி வெயிலில் தலை தொங்கும், இரவில் நிமிரும், மறுபடி தொங்கும். புதிதாக ஒரு இலைகூட விடாமல் ஐந்து நாள், ஏழு நாள் அப்படியே நிற்கும். மண்ணுக்குள் வேர் பிடிக்கிற வேலை நடந்துகொண்டிருக்கும் நாட்கள் அவை. எங்கள் தோட்டத்தில் 15 நாள் நாற்றை நட்டதிலிருந்து முதல் காய் பறிக்க 36, 38 நாள் ஆனது. ஆக, மிச்சம் ஒரு வாரம் சொச்சம்.

ஒரு வாரம் என்றாலும் மிச்சம்தானே என்பான். சரிதான். ஆனால் அந்த ஒரு வாரம் யாருக்குப் பயன்படும்? நிலத்தில் முந்தைய பயிர் இன்னும் நிற்கிறது, கடைசி இரண்டு பறிப்பு பாக்கி, அதற்குள் அடுத்த பயிரைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறவனுக்கு. இவன் நிலம் சும்மா கிடக்கிறது. ஒரு வாரம் முந்த வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே விதையை ஊன்றலாம். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

தக்காளிக்கு ஏன் நாற்று என்று யோசித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தக்காளி விதை ஒரு கிராமில் ஏறக்குறைய முந்நூறு இருக்கும். அந்தப் பொடிசை வயலில் போட்டால் எறும்பு தூக்கும், களை அமுக்கும், மழை அடித்துக்கொண்டு போகும். நடுகிற அளவுக்கு வர எப்படியும் 25 நாள் வேண்டும். அந்த 25 நாள் அரை ஏக்கரையும் நனைத்து, களையெடுத்து, காவல் காப்பதை விட ஒரு மூலையில் பத்துக்குப் பத்து இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது மேல். வேர் கொஞ்சம் அறுந்தாலும் தக்காளி கவலைப்படாது. தண்டிலிருந்தே புது வேர் விடும் சாதி அது. வெண்டை விதையோ ஒரு கிராமுக்குப் பதினைந்து, பதினாறுதான். தனக்கு வேண்டிய சோற்றைக் கட்டிக்கொண்டு வரும் விதை. முளைத்த பத்தாம் நாளே களையோடு மல்லுக்கு நிற்கும். நாற்றங்கால் என்ற ஏற்பாடு எந்தக் குறையைச் சரிசெய்ய வந்ததோ, அந்தக் குறையே வெண்டையில் பெரிதாக இல்லை.

அடுத்தது வேர். பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம்; இரண்டுக்கும் ஆணிவேர்தான் உயிர். மேலே இரண்டு வித்திலை விரிந்து நிற்கும்போது அடியில் வேர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்கு இறங்கியிருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு வாரச் செடி ஒன்றைச் சுற்றி மண்ணை நனைத்து மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். இப்போது 98 குழி ட்ரேயை நினைத்துக்கொள்ளுங்கள். குழித்தட்டு என்று அச்சில் எழுதுவார்கள், ஊரில் ட்ரேதான். ஒரு குழியின் ஆழம் நாலு, நாலரை சென்டிமீட்டர். பத்து நாளுக்குள் ஆணிவேர் அடியைத் தொட்டுவிடும். அடியில் இருக்கிற ஓட்டையில் காற்றுப் பட்டு நுனி காய்ந்து நிற்கும், அல்லது சுவரோடு சுவராகச் சுற்ற ஆரம்பிக்கும். நுனி நின்றுபோன வேரிலிருந்து பக்கவேர்கள் கிளம்பும். நட்ட பிறகு செடி அந்தப் பக்கவேர்களை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

சொட்டுநீர் போட்டு நாள்தோறும் தண்ணீர் காட்டும் தோட்டத்தில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. பக்கவேர் மேலாகப் பரவினாலும் தண்ணீர் அங்கேயே கிடைக்கிறது. கிணறு வற்றி வாரம் ஒரு தண்ணீர் என்று வரும்போதுதான் தெரியும். விதை ஊன்றிய செடி ஆழத்து ஈரத்தை எடுத்துக்கொண்டு நிற்கும்; பக்கத்தில் நாற்று நட்ட பாத்தி மத்தியானமே சுருண்டுவிடும். காற்றடி காலத்தில் சாய்வதும் நட்ட செடிதான் அதிகம். எங்கள் பக்கம் ஆடிக் காற்று எப்படி என்று பழனி, ஒட்டன்சத்திரம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மானாவாரியில் வெண்டை போடுகிறவர் நாற்று என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

நான் அடிவாங்கிய கதை இதுதான். ஒரு ஐப்பசியில் கால் ஏக்கருக்கு ட்ரே நாற்று சொல்லிவைத்திருந்தேன். நாற்று தயாரான அன்று பிடித்த மழை பத்து நாள் விடவில்லை. நிலத்தில் கால் வைக்க முடியாத சேறு. நட்டபோது நாற்றுக்கு வயது 28 நாள். ட்ரேயிலிருந்து எடுத்தால் வேர் நூல்கண்டு போலச் சுற்றியிருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. காசு கொடுத்தது ஆயிற்றே. நட்டேன். செடி முழங்கால் உயரம் வருவதற்குள் மொட்டு வைத்துவிட்டது. பார்த்து முதலில் சந்தோஷப்பட்டேன், சீக்கிரம் காய்க்கிறதே என்று. பிறகு அது அதற்கு மேல் வளரவே இல்லை. நாலைந்து பறிப்போடு சரி. பயந்துபோன செடி, சாகும் முன் விதை விட்டுவிடப் பார்த்தது என்று இப்போது புரிகிறது. தக்காளி நாற்று பத்து நாள் பிந்தினால் கொஞ்சம் நீண்டிருக்கும், ஆழமாக நட்டுச் சமாளிக்கலாம். வெண்டை நாற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. ட்ரேயில் வித்திலைக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மை இலை வந்ததும், 12 முதல் 18 நாளுக்குள், அது மண்ணுக்குப் போயாக வேண்டும். மழையும் ஆளும் மோட்டாரும் நம் சொல்பேச்சுக் கேட்கும் என்று இருக்கிறவர்தான் அதை நம்பலாம்.

செலவுக் கணக்குக்கு வருவோம். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒரு அடி என்றால் அரை ஏக்கருக்குப் பத்தாயிரத்து எண்ணூறு நடவுக் குழி வரும். வரப்பு, வாய்க்கால், நடைபாதை போக பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ வெண்டை விதையில் ஏறக்குறைய 16,000 விதை. குழிக்கு இரண்டு போட்டால் ஒன்றேகால் கிலோ. ஒன்றே ஒன்று போட்டால் அறுநூற்றுச் சொச்சம் கிராம். ஒட்டு விதை, அதாவது ஹைப்ரிட், கிலோ 4,000 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்தால் ஒரு விதை 25 காசு. இரட்டை விதை முறையில் 5,000 ரூபாய், ஒற்றை விதையில் 2,500. நாற்று ஒன்று ஒரு ரூபாய் என்றால், சேதத்துக்கு ஐந்து சதம் சேர்த்து 10,500 ரூபாய். வண்டி வாடகை தனி. விலையை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். விகிதம் பெரிதாக மாறாது.

அர்க்கா அனாமிகா மாதிரி ஒட்டு அல்லாத ரக விதையாக இருந்தால் இந்த ஒப்பீடே தேவையில்லை. விதை அவ்வளவு மலிவு. நாற்றின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது; குழிக்கு மூன்று போட்டாலும் வலிக்காது.

ட்ரேயை நாமே போட்டுக்கொண்டால் செலவு குறையும் என்பார்கள். குறையும். ஆனால் பத்தாயிரம் நாற்றுக்கு நூற்றுச் சொச்சம் ட்ரே, ட்ரேக்கு ஒன்றேகால் கிலோ தென்னை நார்க்கழிவு என்றால் மொத்தம் 130 கிலோவுக்கு மேல், அதை நனைத்து நிரப்ப ஒரு நாள் ஆள் கூலி, நிழல்வலை, தினம் காலையும் மாலையும் பூவாளி. தண்ணீர் கூடினால் நாற்றழுகல், நிழல் கூடினால் நாற்று வெளிறி நெடுநெடுவென்று போய் விழும். திருப்பூரிலிருந்து வந்த புதிதில் இத்தனையையும் தலையில் ஏற்ற வேண்டாம் என்றுதான் தம்பியிடம் சொன்னேன். வயலில் ஆள் கணக்கும் அப்படித்தான். ஊன்ற நாலு பேர் போதுமென்றால் நட ஆறு ஏழு பேர் வேண்டும். ஊன்றிய நிலத்தில் பிறகு குழிக்கு ஒன்று மட்டும் நிற்கும்படி செடி கலைக்க ஓராள் வேலை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது.

இதையெல்லாம் சொன்னாலும், வெண்டையில் உண்மையான செலவு பறிப்பில்தான் இருக்கிறது. ஒன்று விட்டு ஒரு நாள், விடிவதற்குள், முள் குத்தாமல் கையுறையோ சாக்கோ சுற்றிக்கொண்டு, ஒன்றரை மாதம் பறிக்க வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் காய் முற்றி, மார்க்கெட்டில் ஒடித்துப் பார்த்துக் கழித்துவிடுவார்கள். அந்தக் கூலிக்கு முன்னால் விதைக்கும் நாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஐயாயிரம் ரூபாய் பெரிதல்ல. ஆகவே மலிவு எது என்பதை விட, பத்தாயிரம் குழியிலும் செடி நிற்குமா என்பதுதான் கேட்க வேண்டியது. வெற்றுக் குழிக்கும் தண்ணீர் பாய்கிறது, உரம் போகிறது, களை முளைக்கிறது. பறிக்கிறவர் அதையும் தாண்டித்தான் நடக்கிறார்.

நாற்றின் நிஜமான பலம் இங்கேதான். நட்டால் குழி நிரம்புகிறது. முளைத்ததை மட்டும்தான் நடுகிறோம். விதையில் அந்த உறுதி கிடையாது. சான்று விதைக்கே வெண்டையில் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதம் இருந்தால் தேறிவிடும். வெண்டை விதைக்குத் தோல் கெட்டி. சில விதை ஈரம் குடிக்கவே அடம்பிடிக்கும். போன வருடத்து மிச்சப் பொட்டலம் என்றால் இன்னும் இறங்கியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 65 சதம் முளைக்கும் விதையில் ஒன்று கெட்டுப்போக 35 சதம் வாய்ப்பு. குழிக்கு இரண்டு போட்டால் இரண்டுமே கெட 12 சதம் சொச்சம். பத்தாயிரத்தில் 1,225 குழி வெறுமை. மூன்று போட்டால் 4 சதம், நானூற்றுச் சொச்சம் குழி. அதுவே 85 சதம் முளைக்கும் விதை என்றால்? இரண்டு போட்டாலே வெறுமை 225 குழிதான். ஒற்றை விதை போட்டால் 1,500. அதாவது, ஒரே நிலம், ஒரே ஆள், ஒரே பட்டம். விதையின் முளைப்பு எண் மட்டும் மாறினால் நேரடி விதைப்பு புத்திசாலித்தனமா முட்டாள்தனமா என்பது மாறிவிடுகிறது. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் விதையா நாற்றா என்று விவாதிப்பது, பெண்ணையே பார்க்காமல் மண்டபம் பேசுவது மாதிரி.

தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. நூறு விதையை எண்ணி ஈரச் சணல் சாக்கில் வரிசையாகப் பரப்பி, சுருட்டி, நிழலில் வைத்து, காய விடாமல் தண்ணீர் தெளித்து வந்தால் ஐந்தாறு நாளில் எண்ணிவிடலாம். பொட்டலத்தில் அச்சடித்திருக்கும் எண் கம்பெனி சோதித்த அன்றைய எண். கடைக்காரர் தகரக் கூரைக்கடியில் சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் கிடந்தது என்று அதில் இருக்காது.

ஊறவைப்பது பற்றி ஒரு வார்த்தை. சாதா விதையை ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் வடித்து, நிழலில் தோல் காயும்வரை உலர்த்தி ஊன்றினால் ஓரிரு நாள் முன்பே, ஒரே சீராக முளைக்கும். நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மாவோ சூடோமோனாஸோ கலப்பதாக இருந்தால் வடித்த பிறகு கலக்கலாம். ஆனால் சிவப்போ பச்சையோ நீலமோ வண்ணம் பூசி வரும் ஒட்டு விதையை ஊறவைக்காதீர்கள். அந்த வண்ணத்தோடு பூஞ்சாணக்கொல்லி இருக்கும். பல பொட்டலங்களில் சாறுறிஞ்சும் பூச்சிக்கான மருந்தும் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய அந்த மருந்தைத் தண்ணீரோடு கொட்டிவிட்டு விதையை மட்டும் ஊன்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்ணம் பூசிய விதைக்கு, நிலத்தை நன்றாக நனைத்து, பதம் வந்ததும் ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல் ஊன்றுவதே போதும்.

மருந்து என்றதும் மஞ்சள் நரம்புத் தேமலைப் பேச வேண்டும். நாற்றுக்காரர்கள் சொல்லும் வாதங்களில் எனக்கு மிகவும் மரியாதை உள்ளது இதுதான். இந்த நோய் 1924-லேயே பம்பாய் மாகாணத்தில் பதிவானது. நூறு வருடமாக வெண்டைக்காரனின் முதல் எதிரி. விதை மூலம் வராது, வெள்ளை ஈ கொண்டுவந்து விடும். இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகி, காயும் வெளிறிப் போகும். முளைத்து மூன்று வாரத்துக்குள் தொற்றினால் அந்தச் செடியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். காய்ப்புக்கு வந்த பிறகு தொற்றினால் ஓரளவு எடுத்துவிடலாம். புசா சவானி ஒரு காலத்தில் இதைத் தாங்கும் என்று பெயர் வாங்கி நாடெங்கும் பரவி, பிறகு தாங்காமல் போன ரகம். பெங்களூர் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காட்டு இனத்தோடு கலப்பு செய்து அர்க்கா அனாமிகாவைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான்.

அப்படியானால், அந்த முதல் இரண்டு மூன்று வாரத்தைப் பூச்சி நுழையாத வலைக்குள் கழித்துவிட்டு வரும் நாற்று பாதுகாப்பானதுதானே? வலை உண்மையிலேயே பூச்சி நுழையாத வலையாக இருந்தால், ஆமாம். பக்கத்துத் தோட்டமெல்லாம் வெண்டையும் பருத்தியும் நிற்கிற கோடைப் பட்டத்தில் இது பெரிய லாபம். ஆனால் வெறும் நிழல்வலையின் கண்ணில் வெள்ளை ஈ தாராளமாகப் போய்வரும். கதவு திறந்தே கிடக்கிற, ஓரம் கிழிந்த, உள்ளேயே பப்பாளியும் மிளகாயும் தக்காளியும் நெருக்கி அடுக்கிய கூடத்தில் வளர்ந்த நாற்றை வாங்கினால், நோயைக் கூலி கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்த மாதிரிதான். வாங்கப் போகிறவர் இலையைத் திருப்பிப் பாருங்கள். தட்டினால் வெள்ளையாக ஏதாவது பறந்தால் வண்டியைத் திருப்புங்கள். மறுபக்கம், பூச்சிமருந்து நேர்த்தி செய்த விதைக்கும் முதல் மூன்று வாரக் காவல் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே நாற்றின் இந்த அனுகூலம் நேர்த்தி செய்யாத விதையோடு ஒப்பிடும்போதுதான் பெரிது.

நாற்றுக்கே என் ஓட்டு விழுகிற இடங்களும் உண்டு.

மயில் முதலாவது. நகரத்துக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஊன்றிய மறுநாள் காலையில் ஒரு கூட்டம் மயில் வரிசை பிடித்துக் கிளறிக்கொண்டு போனதைப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வராது. விரட்டலாம், வேறெதுவும் செய்யக் கூடாது. சட்டமும் விடாது, முருகனும் விட மாட்டான். அணில், கௌதாரி, எலியும் உண்டு. ஊன்றியதிலிருந்து முளைத்துப் பத்து நாள் வரை காவல் போட ஆளில்லாத நிலம், குன்றுக்கும் காட்டுக்கும் ஒட்டிய நிலம் என்றால் நாற்று யோசிக்க வேண்டிய விஷயம்தான். நாற்றையும் மயில் கொத்தும், ஆனால் விதையைப் போல வரிசையாகக் காலி செய்யாது.

இரண்டாவது குளிர். வெண்டை விதைக்கு மண் 16 டிகிரிக்குக் கீழே இருந்தால் முளைக்கவே மனம் வராது. 25-க்கு மேல் போனால் ஓடிவரும். மார்கழியில் ஓசூர், தளி பக்கம் ஊன்றினால் பத்து பன்னிரண்டு நாள் ஈரத்தில் கிடந்து பாதி அழுகும். அங்கே மூடிய கூடத்தில் வெதுவெதுப்பாக வளர்த்து தை கடைசியில் நடுவது நியாயமான வழி. இந்தக் காரணம் எல்லை தாண்டினால் இன்னும் வலுக்கும். டொராண்டோவில் வீட்டுப் பின்புறத்தில் வெண்டிக்காய் போடும் யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு நாற்றைத் தவிர வழியே கிடையாது. மே பாதி வரை அங்கே உறைபனி பயம். ஏப்ரல் கடைசியில் சன்னலோரத்தில் காகிதக் கோப்பையில் விதையைப் போட்டு, ஜூன் தொடக்கத்தில் கோப்பையோடு மண்ணில் புதைக்கிறார்கள். கோப்பையோடு என்பதுதான் சூட்சுமம், வேரைத் தொடுவதில்லை.

மூன்றாவது மல்ச்சிங் ஷீட், களை வராமல் பாத்தி மேல் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. இதில் எனக்கே இரண்டு மனம். ஷீட் ஓட்டைக்குள் விதை போட்டால், முளை ஓட்டைக்கு நேராக வராமல் ஷீட்டுக்கு அடியில் போய் வெந்து சாவது நிறைய. தினம் போய் விரலை விட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். நாற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மதிய வெயிலில் ஓட்டை விளிம்பின் சூடு, வேர் பிடிக்காத நாற்றின் தண்டைச் சுட்டுவிடும். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, விதையை நடுவில் ஊன்றி, மேலே ஒரு பிடி மண்ணோ நார்க்கழிவோ போடுவது எனக்குச் சரிப்பட்டு வந்தது.

செம்மண்ணில் ஊன்றிய மறுநாளே ஒரு மழை அடித்து, பிறகு வெயில் காய்ந்தால் மேல்மண் ஓடு மாதிரி இறுகிவிடும். முளை உள்ளேயே மடங்கிக் கிடக்கும். இதற்காக நாற்றுக்குப் போக வேண்டியதில்லை. மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விட்டால் ஓடு இளகும்.

மாடித்தோட்டக்காரர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஆழமான பையில் நேராக இரண்டு விதை, வளர்ந்ததும் ஒன்று. அவ்வளவுதான்.

எதைச் செய்தாலும் ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கத்தரி நாற்று போல பாத்தியில் விதைத்து, பிடுங்கி, கட்டுக் கட்டி எடுத்துப் போய் நடுவது. வேரில் மண் இல்லாமல் பிடுங்கிய வெண்டை பாதிக்கு மேல் பிழைக்காது, பிழைத்ததும் உருப்படாது. நாற்று என்றால் ட்ரே, கோப்பை, மண்கட்டியோடு. நடும் அன்று காலையில் ட்ரேயை நன்றாக நனைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு, கட்டி உடையாமல் அடியிலிருந்து தள்ளி எடுத்து நடவேண்டும். அதேபோல ஊன்றிய வயலில் செடி கலைக்கும்போது, மிகையான செடியைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் ஆணிவேரும் அசையும்.

தம்பிக்கு நான் சொன்ன வழி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. வயலுக்கு விதை, வெற்றுக் குழிக்கு நாற்று. ஊன்றுகிற அன்றே, அதே பொட்டலத்து விதையைச் சில ட்ரேயில் போட்டுவிட வேண்டும். வயலில் எட்டாம் நாள் எங்கெங்கே வெறுமை என்று தெரிந்துவிடும். பத்து, பன்னிரண்டாம் நாள் ட்ரே நாற்றைக் கொண்டுபோய் வெற்றுக் குழிகளில் பாடுவாசி நிரப்பினால் வயலில் இருப்பதற்கும் நட்டதற்கும் வயது ஒன்றே. மறுபடி விதை ஊன்றி நிரப்பினால் அது பன்னிரண்டு நாள் பிந்தியே நிற்கும். பக்கத்துச் செடியின் நிழலில் நோஞ்சானாகி, கடைசிவரை குட்டையாகவே இருக்கும். நூறு ட்ரேயை நிர்வகிக்க முடியாத புதியவன் நாலைந்து ட்ரேயைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்வான். மழை வந்து நடவு தள்ளிப்போனாலும் நட்டம் நாலைந்து ட்ரேயோடு போகும்.

எத்தனை ட்ரே என்பதற்குச் சாக்கைச் சுருட்டி வைத்து எண்ணச் சொன்னேன். ஆறாம் நாள் ஃபோன் வந்தது.

"எம்பத்தொண்ணு வந்திருக்குண்ணே."

கணக்குப் போட்டேன். ஒன்று கெட 19 சதம், இரண்டும் கெட மூன்றரைக்குச் சற்று மேல். பத்தாயிரத்தில் 360 குழி.

"அப்ப நாலு ட்ரே போதும்ல? நாலு தொண்ணூத்தெட்டு முந்நூத்தித் தொண்ணூத்திரண்டு."

"ட்ரேயில மட்டும் நூத்துக்கு நூறா முளைக்கும்? அங்கயும் அதே எம்பத்தொண்ணுதான். அஞ்சு போடு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டான்: "நம்ம கரட்டுப் பக்கம் மயில் வருமேண்ணே?"

"ஆறு போடு."